நூறு வயசு வக்கீல் ஆபீஸ்: எதற்குப் போகலாம், எதற்கு வேண்டாம்

சென்னை பாரிமுனையில், தம்புச் செட்டித் தெருவை ஒட்டி இருக்கும் ஒரு பழைய வக்கீல் நிறுவனத்தைப் பற்றிய விமர்சனம் இது. பெயரைப் போடப் போவதில்லை. வக்கீல்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் தேடக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 36 சொல்கிறது, அதனால் நான் புகழ்ந்தால் அவர்களுக்குத் தலைவலி, திட்டினால் எனக்குத் தலைவலி. இரண்டையும் செய்யப் போகிறேன், பெயர் இல்லாமலே இருக்கட்டும்.

நான் போனது தாத்தாவின் உயிலுக்கு புரொபேட் வாங்க. வெளியூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் புதுசாக இருக்கும். சென்னை, மும்பை, கல்கத்தா மூன்று ஊர்களிலும் ஹைகோர்ட்டின் ஒரிஜினல் எல்லைக்குள் (ஹைகோர்ட்டே நேரடியாக வழக்கை எடுக்கும் நகர எல்லை) சொத்து இருந்தால், 1925ஆம் வருட வாரிசுரிமைச் சட்டத்தில் 2025 வரை இருந்த விதிப்படி, உயில் கையில் இருந்தால் மட்டும் போதாது, கோர்ட் அதை உண்மை என்று ஒப்புக்கொண்டு முத்திரை போட்டுத் தர வேண்டியிருந்தது. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ அப்போதும் இந்தத் தொல்லை இருக்கவில்லை. எங்கள் வீடு மயிலாப்பூரில்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள், ஃபீஸும் குறைவு. இருந்தும் இங்கே போனதற்கு ஒரே காரணம், அந்த உயிலை எண்பதுகளில் எழுதிக் கொடுத்ததே இவர்கள்தான். அது சரியான முடிவு என்பது பிறகுதான் தெரிந்தது. உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், கோர்ட்டில் அவர்களில் ஒருவராவது வந்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். எங்கள் உயிலில் போட்ட இருவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்படி ஆனால் பழைய சாட்சிச் சட்டத்தின் 69வது பிரிவில் (2024ல் வந்த புதிய சட்டத்தில் 68வது பிரிவு) ஒரு வழி இருக்கிறது: சாட்சிகளில் ஒருவரின் கையெழுத்தாவது அவருடையதுதான் என்று காட்ட வேண்டும், உயில் எழுதியவரின் கையெழுத்தையும் அதேபோல் காட்ட வேண்டும். தாத்தாவின் கையெழுத்துக்கு நாங்கள் இருக்கிறோம், பேங்க் பாஸ்புக், கடிதம் என்று எவ்வளவோ கிடக்கிறது. சாட்சிக்கு எங்கே போவது?

அந்தச் சாட்சிகளில் ஒருவர் இதே ஆபீஸில் வேலை பார்த்த குமாஸ்தா. சீனியர் பார்ட்னர் உயிலைக் கையில் வாங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "இது நம்ம ஆளு எழுத்தாச்சே." உள்ளே இருந்து இரண்டு தடித்த பதிவேடுகள் வந்தன, பக்கம் பக்கமாக அதே மனிதரின் கையெழுத்து. அவருடன் பல வருடம் வேலை பார்த்த இப்போதைய தலைமைக் குமாஸ்தாவே அஃபிடவிட் கொடுத்தார். புதிதாக போர்டு மாட்டிய எந்த ஆபீஸாலும் எனக்கு இதைச் செய்து கொடுத்திருக்க முடியாது. பழைய நிறுவனத்துக்குக் கூடுதல் ஃபீஸ் கொடுப்பதில் ஏதாவது நியாயம் இருக்கிறதென்றால், அது இதுதான்.

அங்கே காத்திருந்த நேரத்தில் (காத்திருப்பு நிறைய) அவர்களுடைய நூற்றாண்டு மலர் ஒன்றை டீப்பாயில் இருந்து எடுத்துப் படித்தேன். வழவழப்பான தாள், முதல் கால்வாசி முழுக்க வாழ்த்துச் செய்திகள். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்டதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஒரு குண்டு விழுந்தது ஹைகோர்ட் வளாகத்தில், இவர்கள் ஆபீஸில் இல்லை, ஆனாலும் பெருமைக்குக் குறைவில்லை! ஆரம்பித்தது இரண்டு வெள்ளைக்கார அட்டர்னிகள், சுதந்திரத்தை ஒட்டி அவர்கள் கப்பலேறிப் போக இந்தியப் பார்ட்னர்கள் எடுத்துக்கொண்டார்கள், பெயர்ப் பலகையில் மட்டும் இன்னமும் துரைகள்.

எனக்கு அதில் உறுத்தியது விட்டுப்போன விஷயங்கள்தான். அந்தக் காலத்தில் ஹைகோர்ட்டின் ஒரிஜினல் சைடில், அட்டர்னி கட்சிக்காரரைப் பார்த்து கேஸைத் தயார் செய்வார், பாரிஸ்டர் கோர்ட்டில் எழுந்து பேசுவார், அவர் வேலையை இவர் செய்ய முடியாது. இந்த இரண்டு வகையிலும் சேராத நம் ஊர் வக்கீல்கள் இந்த வேலியை சென்னையில் சீக்கிரமே தாண்டிவிட்டார்கள், பேசுவது தயார் செய்வது இரண்டையும் ஒரே ஆள் செய்யும் உரிமை மும்பைக்கும் கல்கத்தாவுக்கும் முன்பே இங்கே கிடைத்தது. 1897லேயே வி. பாஷ்யம் ஐயங்கார் என்ற வக்கீல் தற்காலிக அட்வகேட் ஜெனரலாக, அதாவது அரசாங்கத்தின் தலைமை வக்கீலாக, உட்கார்ந்துவிட்டார். மும்பையில் 1830ல் தொடங்கிய கிராஃபோர்டு பேலி, கல்கத்தாவில் 1896ல் தொடங்கிய ஃபாக்ஸ் மண்டல் மாதிரி பெரிய சொலிசிட்டர் (அட்டர்னிக்கு இன்னொரு பெயர்) கம்பெனிகள் இங்கே அவ்வளவாக வேர் விடாததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். கட்சிக்காரருக்கு ஒரு வக்கீலே போதும் என்றால் இரண்டு பேருக்கு யார் ஃபீஸ் கொடுப்பார்கள்? அப்படியும் தாக்குப்பிடித்த ஒரு சில ஆபீஸ்களில் இது ஒன்று, எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதுதான் கதையே. மலரில் அதற்கு ஒரு வரி கூட இல்லை.

அதேபோல 1976ல் வழக்கறிஞர் சட்டத்தைத் திருத்தி, 1977 ஜனவரி 1 முதல் அட்டர்னி என்ற தனி வகையையே எடுத்துவிட்டார்கள். அட்டர்னி ஆபீஸாகவே பிறந்து வளர்ந்த ஒரு நிறுவனத்துக்கு அது எவ்வளவு பெரிய நாள்! மலரில் அந்த வருடத்துக்கு இருப்பது ஒரு பார்ட்னரின் மணிவிழா புகைப்படம். மும்பையில் இன்றும் ஒரு சங்கம் சொலிசிட்டர் தேர்வு நடத்துகிறது, சென்னையில் அந்தப் பேச்சே இல்லை, ஏன் என்று கேட்டால் ஜூனியர்களுக்கும் தெரியவில்லை. குமாஸ்தாக்கள் ஒருவருக்கும் மலரில் படம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கேஸ் நின்றதே அப்படி ஒருவரின் கையெழுத்தில்தான்.

சரி, சேவைக்கு வருகிறேன். மனுவை எழுதிய விதம் அருமை, ஒரு வார்த்தை அதிகம் கிடையாது. சீனியர் பேசினால் நமக்கே புரிகிற தமிழில் பேசுகிறார். அத்தைகள் இருவரிடமும் ஆட்சேபணை இல்லை என்று அஃபிடவிட் முதலிலேயே வாங்கி வைக்கச் சொன்னது அவர்தான். யாராவது கேவியட், அதாவது ஆட்சேபணை மனு, போட்டிருந்தால் சாதாரண மனுவாக இருப்பது டி.ஓ.எஸ். என்ற முழு உயில் வழக்காக மாறி வருடக் கணக்கில் இழுக்கும், அதிலிருந்து தப்பித்தோம்.

ஆனால் மனுவை கோர்ட் ஏற்று நம்பர் ஆவதற்குள் உயிர் போய்விட்டது. கோர்ட் அலுவலகமான ரிஜிஸ்ட்ரியிலிருந்து குறைகளுக்காக ரிட்டர்ன் ஆகி வருவது எல்லா வக்கீலுக்கும் நடப்பதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ரிட்டர்ன் ஆன தகவலே எனக்கு வராமல், நானாகப் போய்க் கேட்ட பிறகு கேஸ் கட்டை எடுத்துப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதுதான் குறை. போன் எடுக்க ஆள் கிடையாது, எடுத்தாலும் "சார் கோர்ட்ல இருக்காங்க." வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட முடியாதா என்று ஜூனியரிடம் கேட்டேன், சீனியருக்குப் பிடிக்காதாம். ஃபீஸை மொத்தமாக எவ்வளவு என்று முதல் நாளே சொல்லவில்லை, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தொகை, செலவுக் கணக்கு கேட்டால் முகம் மாறுகிறது. நூறு வருடமாகப் பதிவேடு எழுதி வைத்திருக்கும் ஆபீஸ் எனக்கு ஒரு பக்க பில் கொடுக்க ஏன் யோசிக்க வேண்டும்?

ஆக, உயில், டிரஸ்ட், பழைய பத்திரத்தில் சிக்கல், இவர்களே முன்னால் கையாண்ட குடும்பச் சொத்து என்றால் தாராளமாகப் போங்கள். செக் பவுன்ஸ், வாடகைத் தகராறு, நுகர்வோர் புகார் மாதிரி சுறுசுறுப்பாக ஓட வேண்டிய விஷயங்களுக்கு இது இடம் இல்லை, உங்கள் பேட்டையிலேயே போன் எடுக்கிற வக்கீலாகப் பாருங்கள்.

வண்டியில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடையாது, ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். காலையில் போனால் பூட்டாத குறைதான், எல்லாரும் கோர்ட்டில் இருப்பார்கள், மாலை 5 மணிக்கு மேல் போங்கள். நேரே தலைமைக் குமாஸ்தாவைப் பாருங்கள், பார்ட்னர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஃபீஸை மட்டும் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பேசி எழுதி வாங்கிவிடுங்கள்.