வெள்ளைத் தாளா, நீலத் தாளா?

சிங்கப்பூரிலிருந்து தம்பி மகள் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தேன். கல்யாணம் நன்றாக நடந்தது, சாப்பாடு பிரமாதம், விமானம் நேரத்துக்கு வந்தது. அதையெல்லாம் விடுங்கள். பங்கு வாங்கும் ஒரு விண்ணப்பத் தாளின் நிறத்துக்காக வங்கியில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்களே, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பம்ப் உதிரிபாகம் வார்க்கும் ஒரு சின்ன நிறுவனம், சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்எம்இ சந்தையில் பங்கு வெளியிட்டது. தம்பிக்கு அதில் ஒரு கண். "ஜிஎம்பி நல்லா ஓடுதுக்கா, நீயும் ஒண்ணு போடு" என்றான். பட்டியலாகும் முன்பே சந்தைக்கு வெளியே ஓடும் அந்தக் கிரே மார்க்கெட் பிரீமியத்தைப் பார்த்துப் பங்கு வாங்கும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் அந்த வார்ப்படத் தொழிலைச் சின்ன வயதிலிருந்து பீளமேட்டில் பார்த்து வளர்ந்தவள் என்பதால் ஆசை வந்துவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் என்ஆர்ஓ கணக்கில் வீட்டு வாடகைப் பணம் சும்மாதான் கிடந்தது.

தம்பி போனை எடுத்தான், யுபிஐயில் சம்மதம் கொடுத்தான், காபி ஆறுவதற்குள் அவன் விண்ணப்பம் முடிந்தது. வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள 2023-இல் சிங்கப்பூர் உட்படச் சில நாடுகளுக்கு அனுமதி வந்தது என்னவோ உண்மை. என் வங்கியின் செயலியோ என்ஆர்ஓ கணக்கைப் பார்த்ததுமே கதவைச் சாத்துகிறது. ஆகவே பழைய வழி: தாளில் எழுதி, கிளையில் கொடுத்து, ஆஸ்பா முறையில், அதாவது பங்கு ஒதுக்கும்வரை பணத்தைக் கணக்கிலேயே முடக்கச் சொல்வது. பக்கத்துக் கிளையில் ஆஸ்பா வாங்க மாட்டார்களாம், மெயின் கிளைக்குப் போகச் சொன்னார்கள். வெளியீடு மூடும் கடைசி நாளும் அன்றுதான்.

மெயின் கிளையில் என் முறை வந்தபோது அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க என்ஆர்ஐ. என்ஆர்ஐக்கு நீல ஃபாரம். இது வெள்ளை" என்று திருப்பித் தள்ளினார்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இங்கேயே ரத்தம் கொதித்திருக்கும். நீலத் தாள், பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் உரிமையோடு, வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கான என்ஆர்இ கணக்கிலிருந்து போடுகிறவர்களுக்கு. என்ஆர்ஓவிலிருந்து, அந்த உரிமை இல்லாமல் போடுகிறவர்களுக்கு உள்ளூர்க்காரர்களின் அதே வெள்ளைத் தாள். இது என் வியாக்கியானம் இல்லை, தாளின் தலையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். விரலை வைத்துக் காட்டினேன். அவர் படித்தார். பிறகு, "அது வேற மேடம், எங்க சிஸ்டத்துல என்ஆர்ஐன்னா நீலம்தான்" என்றார். சிஸ்டத்தில் எந்த இடத்தில் நிறம் கேட்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. பக்கத்து மேசைக்காரரைக் கேட்டார். அவர் மும்பைக்குப் போன் போட்டார். மும்பை மதிய உணவுக்குப் போயிருந்தது.

சிங்கப்பூரில் ஐபிஓ, அதாவது புதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பம் போட ஏடிஎம்முக்குப் போவேன். இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம், நாலு பட்டன், வெளியே வந்தால் எதிரில் கோப்பிக் கடை. கிடைக்குமா என்பது குலுக்கல்தான், அது வேறு. ஆனால் 'நீ யார், எந்த நிறம்' என்று எந்த மிஷினும் என்னைக் கேட்டதில்லை. இதைச் சொன்னால் ஊரில் எல்லாருக்கும் கோபம் வருகிறது. வரட்டும்.

அதற்காகப் பழைய காலமே தேவலாம் என்றும் சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளில் அப்பாவின் கூடப் போய் சப்-புரோக்கர் வாசலில் தொங்கும் ஃபாரங்களைக் கொத்தாகக் கிழித்து வந்ததும், செக்கைப் பின் அடித்துக் கொடுத்துவிட்டு ரீஃபண்ட் ஆர்டருக்காகத் தபால்காரரை மாதக்கணக்கில் எதிர்பார்த்ததும் உங்களுக்கும் நினைவிருக்கும். அப்பாவுக்கு வந்த அலாட்மெண்ட் கடிதங்களைவிடத் திரும்பி வந்த காகிதங்கள்தான் அதிகம். இருந்தாலும், எந்த ஃபாரம் யாருக்கு என்பதில் அன்றைக்குக் கவுண்டரில் யாருக்கும் சந்தேகம் வந்து நான் பார்த்ததில்லை.

அதை நிரூபிப்பதுபோல ஒருவர் வந்தார். ரிட்டயர்மெண்டுக்கு மிக அருகில் இருக்கும் அட்டெண்டர். டீ கொண்டுவந்து வைத்தவர் மேசையில் கிடந்த தாளை ஒரு பார்வை பார்த்தார். "என்ஆர்ஓ தானுங்க அம்மிணி? அப்ப வெள்ளைதானுங்க. நீலம் என்ஆர்இக்கு. சார், பழைய ஃபைல்ல இருக்குதுங்க, எடுத்தாரட்டுங்களா?" என்றார். எடுத்தும் வந்தார், தூசியோடு. யாரோ என்னைப்போல ஒரு என்ஆர்ஓக்காரர் போட்ட விண்ணப்பத்தின் நகல், வெள்ளையில். அதிகாரி அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சேவை அந்த அட்டெண்டருடையது. அந்த வங்கியில் ஐபிஓ பிரிவு என்று ஏதாவது இருந்தால் அதை அவரிடம் ஒப்படைக்கலாம்.

ஆனாலும் பதிவு உடனே நடக்கவில்லை, ஏனென்றால் தொகை. 2025-இல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபி விதியை இறுக்கியபின் எஸ்எம்இ வெளியீட்டில் குறைந்தது இரண்டு லாட் (பங்குகளின் கட்டு), 2 லட்ச ரூபாய்க்கு மேல் போட்டாக வேண்டும். என் விண்ணப்பம் இரண்டரை லட்சம். மேலாளர் ஒப்புதல் வேண்டுமாம். இந்த விதியின் மேல் எனக்கு வருத்தமில்லை. 2024 ஆகஸ்டில் டெல்லியில் இரண்டே ஷோரூமும் 8 ஊழியர்களும் வைத்திருந்த பைக் விற்பனை நிறுவனம் 12 கோடி கேட்டு வந்தபோது ஜனங்கள் 4,800 கோடி அளவுக்கு விண்ணப்பித்த கூத்தைப் பார்த்தோமே. அதற்கு முந்தின மாதம்தான் தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ, எஸ்எம்இ பங்கின் முதல் நாள் விலை வெளியீட்டு விலையைவிட 90 சதவீதத்துக்கு மேல் ஏறித் திறக்கக் கூடாது என்று கடிவாளம் போட்டிருந்தது. சின்ன முதலீட்டாளர்களைத் தள்ளி நிறுத்த நினைத்தது புரிகிறது. விற்கும்போதும் லாட் கணக்கில்தான் விற்க வேண்டும், ஒன்றிரண்டாகக் கழித்துக்கட்ட முடியாது என்பதை மட்டும் புதிதாக வருகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

மேலாளர் அறையில் காத்திருந்தபோதுதான் இன்னொரு கேள்வியைக் கேட்டேன். இந்தப் பணம் ஒருநாள் என் மகளின் படிப்புக்குச் சிங்கப்பூர் வர வேண்டும். தாளில் அந்த உரிமை இல்லை என்றாலும், என்ஆர்ஓவிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை எடுத்துப் போகலாம், வருமான வரிக் காகிதங்களோடு. வழி இருக்கிறது. ஆனால் அதற்குள் ரூபாய் எங்கே போய் நிற்கும்? 2020 தொடக்கத்தில் ஒரு வெள்ளி 53 ரூபாய் அளவில் இருந்தது. 2025 முடிவில் 70-ஐ நெருங்கிவிட்டது. ரூபாயில் போட்டது சுமார் 32 சதவீதம் வளர்ந்திருந்தால்தான் வெள்ளிக் கணக்கில் போட்ட இடத்திலாவது நிற்கிறேன். அதற்கு ஃபார்வர்டு, அதாவது பின்னால் மாற்றப்போகும் நாணயத்துக்கு இன்றே விலை பேசிவைக்கும் ஒப்பந்தம், ஏதாவது போட்டு வைக்கலாமா என்று கேட்டேன்.

மேலாளர் சிரித்தார். நல்ல மனிதர்தான், கேலியாகச் சிரிக்கவில்லை. "அது திருப்பூர் எக்ஸ்போர்ட்டர்ஸ் போடறது மேடம். உங்களுக்கு எதுக்கு?"

எதற்கென்றால், திருப்பூர்க்காரர் பயப்படுவது ரூபாய் ஏறிவிடுமோ என்று. நான் பயப்படுவது இறங்கிவிடுமோ என்று. அவர் டாலரை முன்கூட்டியே விற்கிறார், அதற்கு இன்றைய விலைக்கு மேல் ஒரு பிரீமியம் அவருக்குக் கிடைக்கிறது. நான் முன்கூட்டியே வாங்க வேண்டும், ஆகவே அதே பிரீமியத்தை நான் கொடுக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு நாட்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தப் பிரீமியம். என்ஆர்ஐகளும் தங்கள் முதலீட்டுக்கு இப்படிக் காப்பு எடுக்க ரிசர்வ் வங்கி விதியில் இடமிருக்கிறது. சந்தையில் வர்த்தகமாகும் கரன்சி ஒப்பந்தங்களைக்கூட 2017-இல் நமக்குத் திறந்துவிட்டார்கள். ஆனால் ரூபாய்க்கு எதிராக அங்கே இருப்பவை டாலர், யூரோ, பவுண்டு, யென். சிங்கப்பூர் வெள்ளி இல்லை. டாலர் ஒப்பந்தம் ஒன்று 1,000 டாலர். என் இரண்டரை லட்சத்துக்கு மூன்று ஒப்பந்தம்கூடத் தேறாது. அதுவும் 2024 மே முதல், காப்பு எடுக்க நிஜமான முதலீடு பின்னால் இருந்தாக வேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி கண்டிப்பாக்கிய பிறகு புரோக்கர்கள் சின்ன ஆட்களைப் பார்த்தாலே காகிதம் கேட்கிறார்கள்.

மேலாளர் கடைசியில் எஃப்சிஎன்ஆர் டெபாசிட் போடச் சொன்னார். வெளிநாட்டு நாணயத்திலேயே ஒன்று முதல் ஐந்து வருடம் வரை வைக்கலாம், நாணய ரிஸ்க் வங்கியுடையது. நல்ல யோசனைதான், ஆனால் அது பங்கைத் தொடாமலே இருக்கும் யோசனை. உண்மையைச் சொன்னால் என்னைப் போன்ற சின்னத் தொகைக்காரிக்கு வேறு காப்பு இல்லை. மகளின் படிப்புப் பணம் வெள்ளியிலேயே இருக்கட்டும், வாடகைப் பணம் மட்டும் பம்ப் வார்க்கட்டும் என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தேன்.

சரி, விண்ணப்பம் நேரம் முடியும் தறுவாயில் ஏறியது. பங்கு கிடைக்கவில்லை. தம்பிக்குக் கிடைத்தது. அதில் எனக்குப் பொறாமை இல்லை, கொஞ்சம்தான்.

வெளியீடு மூடி மூன்றாம் வேலை நாளில் பங்கு பட்டியலாகிவிட வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் கட்டாயம். கிடைக்காதவர்களின் பணத்தை அதற்கு முன்பே விடுவிக்க வேண்டும். பட்டியலாகி அடுத்த வாரமும், நான் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிறகும், என் இரண்டரை லட்சம் முடங்கியே கிடந்தது. செபி விதிப்படி இந்தத் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், அல்லது ஆண்டுக்கு 15 சதவீத வட்டி, எது அதிகமோ அது தர வேண்டும். என் தொகைக்கு 15 சதவீதம் என்றால் நாளுக்கு 102 ரூபாய் சொச்சம். அந்த இரண்டு ரூபாயையும் விடுவதாக இல்லை. வங்கிக்கு எழுதினேன், "அப்படி ஒரு விதி எங்கள் கவனத்துக்கு வரவில்லை" என்று பணிவான பதில் வந்தது. மறுநாளே பணத்தை விடுவித்துவிட்டார்கள். இழப்பீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

வெளியீட்டை நடத்திய மெர்ச்சண்ட் பேங்கருக்கு இப்போது மெயில் அனுப்பியிருக்கிறேன். அங்கும் அசையவில்லை என்றால் செபியின் புகார்த் தளமான ஸ்கோர்ஸ். என்ஆர்ஓ கணக்குக்காரர்கள் யாராவது இந்த இழப்பீட்டை நிஜமாகவே கையில் வாங்கியிருந்தால் எழுதுங்கள், எந்தக் கடிதத்துக்கு அசைந்தார்கள் என்று தெரிய வேண்டும்.