சக்காய் கத்தியோடு ஐந்தாறு வருடம்: ஹை கார்பன் எஃகு வீட்டுக்கு ஒத்துவருமா?

ஒசாகாவை ஒட்டித் தெற்கே இருக்கும் சக்காய் நகரத்தில் செய்த சாண்டோகு கத்தி இது; காய், இறைச்சி, மீன் மூன்றுக்கும் பொதுவான வீட்டுக் கத்தி. அலகின் நீளம் 165 மில்லிமீட்டர். நடுவில் ஷிரோகாமி இரண்டாம் நம்பர் என்கிற ஹை கார்பன் எஃகு, அதன் இரண்டு பக்கமும் மிருதுவான இரும்பு. கைப்பிடி ஹோ என்கிற மக்னோலியா வகை மரம். அது அலகைச் சந்திக்கும் இடத்தில் எருமைக்கொம்பு வளையம். வாங்கியபோது விலை 15,000 யென்னைச் சுற்றி இருந்தது. ஐந்தாறு வருடமாக ஒசாகாவில் எங்கள் வீட்டில் வெங்காயம், பீன்ஸ், கோஸ், இஞ்சி, முள் எடுத்த மீன் எல்லாம் இதில்தான்.

இந்த மாதிரிக் கத்திகளைப் பற்றிய பெரும்பாலான மதிப்புரைகள் பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதப்படுகின்றன. காகிதத்தைச் சீவியது, தக்காளி கண்ணாடி மாதிரி வந்தது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நல்ல கடையில் வாங்கிய எந்தப் புதுக் கத்தியும் அதைச் செய்யும். இரண்டாவது வருடம் எப்படி இருக்கும் என்பதுதான் காசு போடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூர் நிறைய நாள் நிற்கும் என்று நினைத்து இந்த எஃகை வாங்காதீர்கள். நல்ல ஸ்டெயின்லெஸ் கத்திகளில் இதைவிட அதிக நாள் கூர் நிற்பவை உண்டு. இதன் பெருமை வேறு. மழுங்கினால், சமையலறை மேடையில் ஒரே ஒரு கல்லை வைத்து, பத்து நிமிடத்தில் நீங்களே பழைய கூருக்குக் கொண்டுவந்துவிடலாம். கடைக்காரரை எதிர்பார்க்க வேண்டாம், விலை உயர்ந்த கருவி வேண்டாம். அந்தச் சுதந்திரத்துக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

இதற்குக் காரணம் எஃகிலேயே இருக்கிறது. ஷிமானே மாவட்டத்தில் யசுகி என்ற ஊரில் உருக்கப்படும் எஃகு இது. ஹிட்டாச்சி மெட்டல்ஸ் என்று இருந்த நிறுவனம் 2023 முதல் புரோட்டீரியல் என்ற பெயரில் இதைத் தயாரிக்கிறது. வெள்ளைக் காகிதம் ஒட்டி வருவது ஷிரோகாமி, நீலக் காகிதம் ஒட்டி வருவது ஆவோகாமி. ஷிரோகாமி இரண்டாம் நம்பரில் 1.05 முதல் 1.15 சதவீதம் வரை கார்பன். மற்றபடி இரும்புதான், கந்தகம், பாஸ்பரஸ் போன்ற அழுக்குகளை முடிந்தவரை குறைத்திருப்பார்கள். ஸ்டெயின்லெஸ் கத்தியில் 13 சதவீதத்தை ஒட்டி, சிலவற்றில் அதற்கும் மேலே குரோமியம் இருக்கும். அதில் ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து பெரிய, கெட்டியான கார்பைடு துகள்களாக உட்கார்ந்துகொள்ளும். கல்லில் தேய்க்கும்போது அவை எதிர்த்து நிற்கும். ஷிரோகாமியில் அந்தத் தொல்லை இல்லை. கல் இழுத்த இழுப்புக்கு எஃகு வரும், பிசிறும் சுத்தமாக உதிரும்.

ஆவோகாமியில் கொஞ்சம் குரோமியமும் டங்ஸ்டனும் சேர்க்கிறார்கள். கூர் கூடுதல் நாள் நிற்கும், தீட்டவும் கூடுதல் நேரம் ஆகும். துருப் பிடிப்பதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நீலம் என்றால் துருப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சக்காயில் ஒரு கத்தி ஒரே பட்டறையில் பிறந்து வளர்வதில்லை. அடிப்பவர் ஒருவர், வாய், அதாவது வெட்டும் ஓரம், வைத்துத் தீட்டுபவர் இன்னொருவர், கைப்பிடி மாட்டுபவர் வேறொருவர். எடோ காலத்தில் இந்த ஊரின் புகையிலை நறுக்கும் கத்திகளுக்கு ஷோகுன் அரசு தன் முத்திரையையே கொடுத்தது. 1982-ல் சக்காய் கத்தித் தொழிலை ஜப்பான் அரசு பாரம்பரியக் கைவினையாக அறிவித்தது. ஒசாகாவின் தென்னோஜியிலிருந்து ஹன்காய் டிராமில் ஏறி மியோகோகுஜி நிறுத்தத்தில் இறங்கினால், ஊரின் கைவினைகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் சக்காய் டென்ஷோகான் பக்கத்தில்தான். விதவிதமான கத்திகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் போய்ப் பாருங்கள்.

வாங்குகிறவர்கள் கடையில் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. இரும்பையும் எஃகையும் உலையில் வைத்துப் பட்டறையிலேயே அடித்து ஒட்டியதா, இல்லை ஆலையிலிருந்து ஏற்கனவே மூன்று அடுக்காக ஒட்டி வந்த தகட்டிலிருந்து செய்ததா? வீட்டு உபயோகத்துக்கான இருபக்க வாய் கத்திகளில் இரண்டாவது வகை சகஜம். அதில் குறை ஒன்றும் இல்லை. கத்தியின் தலையெழுத்தை நிர்ணயிப்பது தோய்க்கும் வேலைதான். ஏறக்குறைய 800 டிகிரிக்குக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும் அந்த நொடியில் ஷிரோகாமி தவறுகளை மன்னிக்காது. ஆனால் விலை வித்தியாசம் எதற்காக என்று தெரிந்து கொடுப்பது நல்லதல்லவா?

சரி, வெட்டுவதற்கு வருவோம். இஞ்சியில்தான் முதலில் வித்தியாசம் தெரிந்தது. நாருக்குக் குறுக்கே மெல்லிய வில்லைகளாகச் சீவும்போது, மழுங்கிய கத்தி நாரை இழுத்துக்கொண்டு வரும். வில்லையின் ஓரத்தில் மயிர் மாதிரி தொங்கும். இதில் நார் அந்தந்த இடத்திலேயே அறுபட்டு, வில்லை வழவழவென்று விழுகிறது. வெங்காயத்தில் கண் எரிச்சல் குறைகிறது. செல்கள் நசுங்காமல் அறுபடுவதால் எரிச்சல் தரும் வாயு குறைவாகவே கிளம்புகிறது. நறுக்கி வைத்த வெங்காயத்தின் அடியில் தண்ணீர் தேங்குவதும் குறைவு. வதக்கும்போது சீக்கிரம் நிறம் மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பொரித்த பன்றி இறைச்சி பரிமாறும் டொங்காட்சு கடைகளில் வைக்கும் அந்த நூல் மாதிரியான முட்டைக்கோஸ் வீட்டிலும் வருகிறது. அதே சீவலில் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் வேகும் நேரம் பாதி.

அழுத்தி வெட்டக் கூடாது, முன்னால் தள்ளியோ பின்னால் இழுத்தோ வெட்ட வேண்டும். நுனியைப் பலகையில் ஊன்றி ஆட்டி ஆட்டி வெட்டும் பழக்கம் உள்ளவர்கள் கொஞ்ச நாள் பொறுமையாக இருக்க வேண்டும்.

இனி நிறம். புதிதாக வரும்போது பளபளவென்று இருக்கும். முதல் வெங்காயத்திலேயே மஞ்சளும் பழுப்புமாகத் திட்டு விழும். பச்சை இறைச்சி வெட்டினால் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு நிறம் வரும். சாய்த்துப் பார்த்தால் அழகாக இருக்கும். தக்காளி சாம்பல் நிறத்தில் அரிக்கும். இவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, சில மாதத்தில் கருஞ்சாம்பல் நிறத்தில் அடங்கிவிடும். இந்தப் படலம் துரு இல்லை. துரு செந்நிறமாக இருக்கும், விரலில் ஒட்டும், உள்ளே அரித்துக்கொண்டே போகும். இந்தக் கருமைப் படலம் ஒட்டாது, உள்ளே இருக்கும் இரும்பைக் கொஞ்சம் காக்கவும் செய்யும். படலம் நிலைக்கும்வரை சாப்பாட்டில் லேசான இரும்பு வாசம் வரலாம். வெட்டிய வெங்காயமும் ஆப்பிளும் ஓரத்தில் கறுக்கும். கடுகுச் சாந்து பூசி, வினிகரில் ஊறவைத்து அவசரமாகப் படலம் வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. சமையலே அந்த வேலையைச் செய்துவிடும்.

படலம் வந்த பிறகும் தாமரைக்கிழங்கு மட்டும் மாறவில்லை. ரென்கோன் என்று இங்கே குளிர்காலம் முழுக்கக் கிடைக்கும். அதில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து வெட்டிய முகம் ஊதா கலந்த கறுப்பாகிவிடும். வீட்டு அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கினால் கையும் காயும் கறுக்குமே, அதே சங்கதிதான். வினிகர் கலந்த தண்ணீரில் உடனே போட்டால் பெருமளவு தப்பிக்கும். விருந்தாளிகளுக்கு வெள்ளை வெளேரென்று வேண்டுமானால் அன்றைக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் கத்தியை எடுத்துக்கொள்கிறேன்.

துரு விஷயத்தில் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஒழுங்கு வேண்டும். எலுமிச்சை, தக்காளி வெட்டினால் அடுத்த காய்க்குப் போகும்முன் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. வேலை முடிந்ததும் கழுவி, வெந்நீர் ஊற்றி, துடைத்து வைக்க வேண்டும். ஜூன், ஜூலையில் இங்கே மழைக்காலம். அலமாரிக்குள் இருப்பதற்கே புள்ளி புள்ளியாக வரும். ஒருமுறை வீட்டுக்கு வந்த நண்பர் உதவி செய்வதாக எண்ணி இதைத் தொட்டியில் ஈரத்தோடு விட்டுவிட்டார். காலையில் பக்கவாட்டு இரும்பு முழுக்கச் செந்தூரம் பூசியது போல இருந்தது. கவனித்தால், நடுவில் உள்ள கெட்டி எஃகைவிட வெளியே உள்ள மிருதுவான இரும்புதான் அதிகம் பிடித்திருந்தது. துரு நீக்கும் ரப்பர் கட்டியால் தேய்த்ததில் போய்விட்டது. அலகுக்குச் சேதம் இல்லை.

நீண்ட நாள் எடுத்து வைப்பதானால் சுபாகி எண்ணெய் ஒரு சொட்டு போதும். கமேலியா விதையில் ஆட்டியது. காற்றில் கெட்டியாகிப் பிசுபிசுக்காது. தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும், ஆனால் ஒசாகா குளிரில் உறைந்து அலகில் வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது.

தீட்டுவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கத்தியை வாங்குவதே அதற்காகத்தான். முதலில் வாங்க வேண்டியது 1000 கிரிட் கல் ஒன்று (எண் கூடக் கூடக் கல் வழவழப்பாகும்). அது தண்ணீரில் ஊறும் வகையானால் குமிழி வருவது நிற்கும்வரை ஊறட்டும். கத்தியின் முதுகுக்கு அடியில் இரண்டு மூன்று 10 யென் நாணயங்கள் நுழையும் அளவு தூக்கிப் பிடித்தால் ஏறக்குறைய சரியான சாய்வு கிடைக்கும். அந்தச் சாய்வு மாறாமல் தேய்க்க வேண்டும். வேகம் வேண்டாம். கல்லின் மேல் கறுப்பாகச் சேறு கிளம்பும். அதைக் கழுவக் கூடாது, அதுவும் சேர்ந்துதான் அரைக்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்து ஓரத்தில் விரலை வாயிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவினால் மெல்லிய பிசிறு ஒன்று தட்டுப்படும். அடியிலிருந்து நுனிவரை அது ஒரே சீராக வந்துவிட்டால் அந்தப் பக்கம் முடிந்தது, திருப்பலாம். பிசிறு வராத இடத்தில் கூரும் வராது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

பிறகு 3000 கல்லில் லேசாக இழுத்துப் பிசிறை எடுத்துவிடுகிறேன். 6000 வரை போகலாம், மீனைப் பச்சையாகச் சாப்பிடும் சஷிமிக்குச் சீவுவதென்றால் போகவும் வேண்டும். காய்கறிக்கு நான் 3000-த்தில் நிறுத்துகிறேன். மிகவும் வழவழப்பாக்கிய வாய் சில நாளில் தக்காளித் தோலில் வழுக்கத் தொடங்கும்; கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் கவ்வும். கல் நடுவில் குழிந்துவிட்டால் சமன் செய்ய மறக்காதீர்கள். குழிந்த கல்லில் நேரான வாய் வராது. கத்தியை நடுவில் விட்டு இழுக்கும் பிளாஸ்டிக் தீட்டுக் கருவிகளை இதன் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம், வாயைப் பிய்த்து எடுத்துவிடும்.

ஜெர்மன் கத்திகள், கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை இருந்தால் இது 60-க்கு மேல். கடினம் கூடக் கூட நொறுங்கும் குணமும் கூடும். கோழி எலும்பு, உறைந்த இறைச்சி, தேங்காய், கபோச்சா பூசணி ஆகியவற்றுக்கு இது ஆகாது. கண்ணாடிப் பலகை கூடவே கூடாது. ஹினோகி மரப் பலகை நல்லது. நறுக்கியதை வாணலியில் தள்ளும்போது கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் அலகும் கைப்பிடியும் சேர்ந்து போகும்.

பல கைகள் புழங்கும் வீட்டுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே உள்ளே கார்பன் எஃகு, வெளியே ஸ்டெயின்லெஸ் பூண்ட கத்தி சரியாக வரும். ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் துருப் பிடிக்க வாய்ப்பு. அதுவும் வேண்டாம் என்றால் யசுகியிலேயே வரும் கின்சான் என்ற ஸ்டெயின்லெஸ் இருக்கிறது. கல்லில் கார்பன் எஃகுக்குக் கிட்டே வரும். ஒருவரோ இருவரோ சமைக்கிற வீடு, துடைத்து வைக்கும் பழக்கம், கல்லோடு உட்கார்ந்து தீட்டப் பிரியம், இவை இருந்தால் ஷிரோகாமியைத் தயங்காமல் எடுக்கலாம்.

ஜப்பானில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு: 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியைக் காரணமின்றிக் கையில் வைத்துத் திரிவது இங்கே சட்டப்படி குற்றம். கடையில் கட்டிக் கொடுத்த பெட்டியைப் பிரிக்காமல் அறைக்கு எடுத்துச் சென்று, விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள் வையுங்கள்.

இத்தனை வருடத்தில் அலகு கொஞ்சம் குறுகியிருக்கிறது. தீட்டத் தீட்ட வாய் முதுகை நோக்கி ஏறும், அங்கே தடிமன் அதிகம். கூர் இருந்தும் கேரட் அறுபடாமல் பிளந்துகொண்டு போனால் அதுதான் அறிகுறி. அப்போது வாயை மட்டும் தீட்டினால் போதாது, அதற்கு மேலே இருக்கும் சதையையும் இறக்க வேண்டும். முரட்டுக் கல்லில் நேரம் எடுத்துச் செய்கிற வேலை அது. நான் அதை மட்டும் சக்காய் தீட்டுகாரரிடம் கொடுத்துவிடுகிறேன். போன முறை கைப்பிடியையும் மாற்றச் சொன்னேன். ஹோ மரம் ஈரத்தில் கறுத்து, வளையத்தின் ஓரம் இடைவெளி விட்டிருந்தது. திரும்பி வந்த கத்தியில் பழைய கருமை முழுக்கப் போயிருந்தது, இப்போது மறுபடியும் வெங்காயத்தின் பழுப்பு ஏறிக்கொண்டிருக்கிறது.