தாராவியில் தைத்த ‘மாட்டிக்கிட்டா’ பை

விலை 1,150 ரூபாய். சயான் – பாந்த்ரா லிங்க் ரோட்டிலிருந்து தாராவிக்குள் இறங்கும் ஒரு சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போனால் மாடியில் ஒற்றை அறைப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. இருந்தாலும் இங்கே போட்டிருக்க மாட்டேன், குறையும் எழுத வேண்டியிருக்கிறதே. ரோட்டோரத்துத் தோல் கடைகளில் எதில் கேட்டாலும், சொன்னபடி தைத்துத் தரும் ஆள் ஒருவரைக் கை காட்டிவிடுவார்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பை அளவுதான் இருக்கும். தோளில் குறுக்கே மாட்டிக்கொள்வது. வழியில் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் ஒரு ராத்திரியும் அடுத்த பகலும் தள்ளத் தேவையானது மட்டும் அதில் இருக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே ‘மாட்டிக்கிட்டா பை’.

மும்பைக்காரர்களுக்கு இது எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்றைக்கு எங்கே நின்றாய், எப்படி வீட்டுக்கு நடந்தாய் என்று இந்த ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. ஆனால் இங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் போய் வருகிற நம்மைப் போன்றவர்களுக்கு அதைவிட உறைக்க வேண்டியது 2019 ஜூலை 27. கோலாப்பூர் போகும் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் நடுவில் வெள்ளத்தில் நின்றுவிட்டது. உல்லாஸ் நதி பெருகித் தண்டவாளமே தெரியவில்லை. உள்ளே ஆயிரம் பேருக்கு மேல், அதில் ஒன்பது கர்ப்பிணிகள். பேரிடர் மீட்புப் படையும் கடற்படையும் வந்து படகு வைத்து இறக்கினார்கள். அதுவரை யாரும் வண்டியை விட்டு இறங்க வேண்டாம் என்பதுதான் ரயில்வே சொன்னது. அது சரியான பேச்சும்கூட.

கல்யாண், கர்ஜத், லோனாவளா, புனே, சோலாப்பூர் என்று நாம் சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் போவதும் அதே தடத்தில்தான். அந்தக் காட்சிகளை டிவியில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: மருந்து, சார்ஜர், பணம் எல்லாவற்றையும் பெரிய சூட்கேஸில் வைத்து சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுகிறோம். தண்ணீர் உள்ளே ஏறினால் முதலில் நனைவது அந்த சூட்கேஸ்தான். இறங்கச் சொன்னால் முதலில் விட்டுவிட்டு வருவதும் அதைத்தான்.

அதனால் ஆன்லைனில் ஒரு ‘டிராவல் ஆர்கனைசர்’ வாங்கினோம். பிராண்ட் பெயர் எதற்கு. பதினாறு அறை, எல்லாமே கறுப்பு, உள்ளேயும் கறுப்பு, எல்லா ஜிப்பும் ஒரே மாதிரி. பகலில் மேசை மேல் வைத்துப் படம் எடுத்தால் பிரமாதமாக இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு மிடில் பெர்த்தில் படுத்துக்கொண்டு அதில் ஒரு மாத்திரை அட்டையைத் தேடிப் பாருங்கள். பக்கத்து பெர்த்காரர் எழுந்து லைட்டைப் போட்டுவிடுவார், கூடவே நாலு வார்த்தையும் சொல்வார்.

அப்புறம்தான் தாராவி. தாராவி என்றால் தோல் என்ற எண்ணத்தில் தோலிலேயே தைக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் வள்ளியூர்ப் பக்கம். தையல் மெஷினிலிருந்து நிமிராமலே, “மழைக்குத் தோலு எதுக்குக்கா? அலமாரில ரெண்டு மாசம் இருந்தா பூசணம் பூத்துரும். தார்ப்பாய்த் துணில போட்டுத் தாரேன், தோலு எங்க வேணுமோ அங்க மட்டும் வைப்போம்” என்றார். தோல் விற்றுப் பிழைக்கிறவர் தோல் வேண்டாம் என்கிறாரே என்று எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. “என்னென்ன வைப்பிய? எதுக்கு முதல்ல கை போகும்?” என்பது அவருடைய அடுத்த கேள்வி. ஆன்லைன் கடை எதுவும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

பையைப் பற்றி இனி விவரமாக. வெளித்துணி லாரிக்குப் போடும் ரகத்தில் கொஞ்சம் மெல்லியது, சாம்பல் நிறம். உள் லைனிங் பளீரென்ற மஞ்சள். அது அழகுக்காக இல்லை. ஃபோன் வெளிச்சம் லேசாகப் பட்டாலே உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. மொத்தம் மூன்று அறைதான். ஒவ்வொரு ஜிப்பின் ரன்னரிலும் ஒவ்வொரு விதமான பிடி: மருந்து அறைக்குக் கட்டைவிரல் அகலத்தில் ஒரு தோல் துண்டு, பணமும் பேப்பரும் இருக்கும் அறைக்கு முடிச்சுப் போட்ட கயிறு, சார்ஜர் அறைக்கு வெறும் உலோகம். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எது எது என்று தெரிந்துவிடும். ஜிப்பின் மேல் இரண்டு விரல் அகலத்துக்கு மடிப்பு வைத்துத் தைத்திருப்பதால் மேலிருந்து விழும் மழை உள்ளே போவதில்லை. தோள் வார் சேரும் இடத்தில் பெருக்கல் குறி போல டபுள் தையல். மூலைகளில் மட்டும் தோல்.

எங்கள் பையில் நாலாவதாக ஒன்று உண்டு, வெளிப்பக்கத்தில் ஒரு வலைப் பாக்கெட். அது அத்தைக்காக. என் மாமியாருக்கு இன்சுலின் போடுகிறோம். பயன்பாட்டில் இருக்கும் பேனாவை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான இன்சுலின் முப்பது டிகிரிக்குள் இருந்தால் நாலு வாரம்வரை தாங்கும், அட்டையிலேயே போட்டிருப்பார்கள். ஐஸ் மேல் வைத்து உறையவிட்டாலும் கெட்டுப்போகும். மே மாதம் சோலாப்பூர், குண்டக்கல் வெயிலில் முப்பது எங்கே இருக்கிறது? அதற்காகத் தண்ணீரில் நனைத்து வைக்கும் குளிர்ச்சிப் பை ஒன்று விற்கிறார்கள். மண்பானை குளிர்கிற அதே விஷயம்தான், ஈரம் காயக் காய உள்ளே குளிரும். அதை ஜிப் மூடிய, தண்ணீர் புகாத அறைக்குள் வைத்தால் காயாது, குளிராது, பக்கத்தில் இருப்பதையும் நனைக்கும். இதைச் சொன்னதும் அவராகவே வலைப் பாக்கெட்டை வெளியே வைத்தார். காற்றுப் படுகிறது, வேலை செய்கிறது. ஜூலை மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் அந்தக் குளிர்ச்சிப் பை அவ்வளவாகக் குளிராது. ஆனால் அப்போது வெயிலும் அவ்வளவு இல்லை, அதனால் கவலையில்லை.

பை உண்மையில் உதவியது ஒரு மழைக்காலப் பயணத்தில். கர்ஜத் தாண்டி மலை ஏறுவதற்கு முன்னால் வண்டி நின்றது. மேலே பாறை சரிந்திருக்கிறது என்று பேச்சு. மழை ஜன்னலை அறைகிறது, எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது, விளக்கெல்லாம் அணைத்து எல்லோரும் படுத்தாகிவிட்டது. எதிர் லோயர் பெர்த்தில் அத்தை எழுந்து உட்கார்ந்து, “ஒரு மாதிரி படபடன்னு வருதுடி” என்றார்கள். கையைப் பிடித்தால் ஜில்லென்று வியர்வை, விரல் நடுங்குகிறது. சர்க்கரை இறங்குகிறது என்று தெரிந்துவிட்டது. லைட் போடவில்லை, டார்ச் தேடவில்லை. தோல் துண்டைப் பிடித்து இழுத்தேன். முதல் மடிப்பில் குளுக்கோஸ் பொடி. மூன்று ஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தோம், ஏறியிருந்தது. அதற்கு மேல் இரண்டு பிஸ்கட். பக்கத்து பெர்த்காரர் எழுந்திருக்கவே இல்லை. எந்தப் பையாக இருந்தாலும் கடைசியில் கிடைத்திருக்கும் என்பார் என் வீட்டுக்காரர். கிடைத்திருக்கும், அத்தையின் கை நடுங்கும்போது என் கையும் சேர்ந்து நடுங்கிய பிறகு.

இன்னொன்று, பைக்குச் சம்பந்தமில்லாதது. வழியில் சாப்பாடு வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குத் தட்டு மடியில் வந்த பிறகுதான் இன்சுலின் ஊசி. “அடுத்த ஸ்டேஷனில் வந்துவிடும்” என்பதை நம்பி முன்னாடியே போடுவது எங்கள் வீட்டில் கிடையாது.

மீதிச் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்து நாலு நாளைக்குக் கூடுதலாக, டாக்டர் சீட்டின் நகலோடு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. அது ஒரு லிட்டர் தண்ணீருக்கானது, அரை டம்ளரில் கரைத்துக் குடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், வேண்டாம். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாக ஐந்நூறு ரூபாய், ஏனென்றால் சிக்னல் இல்லாத இடத்தில் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து என்ன பயன்? கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஒரு பாக்கெட். நசுங்காது, ஊசாது, மாட்டுங்காவில் கிடைக்கிறது. புளியோதரை தனியாக வரும், அதைப் பையில் சேர்க்கக் கூடாது. எண்ணெய் கசிந்தால் மஞ்சள் லைனிங் போயிற்று.

பேப்பர் ஒன்று முக்கியம். பிஎன்ஆர் எண், ஊரில் இரண்டு பேர் நம்பர், இங்கே இரண்டு பேர் நம்பர், ரயில்வே உதவிக்கு 139, எல்லா அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு 108. ஃபோன் செத்துவிட்டால் சொந்தக் கணவன் நம்பரே ஞாபகம் வராத காலம் இது. அதன் பின்பக்கம் என் வீட்டுக்காரர் இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறார். ஒன்று, வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், நாம் போகவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஆன்லைன் டிக்கெட்டுக்கு டிடிஆர் என்ற, பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தை, நாம் ஏற வேண்டிய ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்புவதற்குள் போட்டுவிட வேண்டும். அடுத்தது விமானத்துக்கு: ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்.

பவர் பேங்க் பத்தாயிரம் எம்ஏஹெச். இருபதாயிரம் வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: செங்கல் கனம், தோள் வலிக்கும். விமானத்தில் இரண்டையுமே கையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் லக்கேஜில் போடக் கூடாது. நூறு வாட் அவர் (பவர் பேங்கில் தேங்கும் மின்சாரத்தின் அளவு) வரை தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. பத்தாயிரம் என்பது 37 வாட் அவர்தான்.

இனி குறை. வாரில் இருக்கும் பக்கிள் பிளாஸ்டிக். தாதர் ஸ்டேஷன் கூட்டத்தில் யாரோ இழுத்ததில் ஒரு பல் உடைந்தது. போய்க் காட்டியதும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஆனாலும் அந்த இடத்தில் பிளாஸ்டிக் போட்டிருக்கவே கூடாது. மூலைத் தோலில் அவர் சொன்னபடியே பூசணம் பூத்தது. துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன், போய்விட்டது, கறை மட்டும் நிற்கிறது. மூலைக்கும் தார்ப்பாயே போதும், அங்கே தோல் வைத்தது தொழில்காரரின் ஆசை. வலைப் பாக்கெட் மழையில் நனைகிறது என்பது குறையில்லை, அது நனைவதற்குத்தான். ஆனால் அதன் அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை வைத்திருக்கலாம்.

அத்தை முதலில் “இதையெல்லாம் தூக்கிக்கிட்டு யாரு அலையுறது” என்றவர்கள், இப்போது சயான் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளிலும் அதைத்தான் மாட்டிக்கொண்டு போகிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் கடலை மிட்டாய் இருக்காது.

தைக்க ஒரு வாரம் ஆகும் என்றார், பத்து நாள் ஆனது. தீபாவளி நெருங்கினால் கம்பெனிக்காரர்கள் பரிசுக்கு மொத்தமாக பர்ஸும் பெல்ட்டும் ஆர்டர் கொடுப்பார்கள், அப்போது ஒற்றைப் பைக்கு யாரும் மெஷினில் உட்கார மாட்டார்கள். மழை தொடங்குவதற்கு முன், மே மாதத்தில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. வைக்கப்போகும் சாமானை எல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டே போங்கள், அதை வைத்து அளவெடுப்பார்கள். பக்கிள் மட்டும் இரும்பில் போடச் சொல்லுங்கள். ஐம்பது ரூபாய் கூடக் கேட்பார், கொடுத்துவிடலாம்.