குறிப்பெடுத்துப் படிப்பதா, கேள்வித்தாள் போட்டுப் படிப்பதா?

பிளஸ் டூ முடிக்கிற வரை எனக்குத் தெரிந்த படிப்பு ஒன்றுதான். பாடத்தை வாசிப்பது, முக்கியமான வரியில் கோடு போடுவது, அதை நோட்டில் அழகாக எழுதி வைப்பது. பாம்பனில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் படித்தோம். 2022இல் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கும் அதே வழியில் போனேன், கிடைக்கவில்லை. 2024இல் நோட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்த்துப் படித்தேன், கிடைத்தது. அதனால் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வித்தாள் பக்கம்தான்.

செலவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த வழி என்றாலும் பள்ளிப் புத்தகங்கள் வேண்டும். பழைய கேள்வித்தாளும் உத்தேச விடையும் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன, ஜெராக்ஸ் செலவு மட்டும்தான். மதுரைக்குப் போய் கோச்சிங் சேரலாமா என்றும் யோசித்தேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனது. புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில்தான். இடைப்பட்ட காலம் முழுக்க மண்டபம் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். வீட்டிலிருந்தே படிப்பது என்று அதுவாகவே முடிவாகிவிட்டது.

படிப்பதைவிடப் படித்ததைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். இரண்டு வழியும் பிரிகிற இடம் அதுதான். முதல் முறை ஐந்து நோட்டு எழுதினேன். ஐந்தையும் ஒருமுறை திருப்பிப் பார்க்க ஒரு மாதம் ஆனது. கடைசி நோட்டுக்கு வரும்போது முதல் நோட்டு மறந்திருக்கும். அதைவிட மோசம், என் கையெழுத்தைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். தெரிந்த முகம், பேர் மட்டும் வராது.

உதாரணத்துக்கு, திரிகடுகம் நல்லாதனார் எழுதியது, சிறுபஞ்சமூலம் காரியாசான், ஏலாதி கணிமேதாவியார். மூன்றும் மருந்துப் பேர் கொண்ட நூல்கள். நோட்டில் வரிசையாகப் படிக்கும்போது குழப்பமே இல்லை. தேர்வில் பேர்களைக் கலைத்துப் போட்டுப் பொருத்தச் சொன்னால் காரியாசானும் கணிமேதாவியாரும் இடம் மாறிப்போவார்கள். நோட்டை எத்தனை முறை வாசித்தாலும் இந்தக் குழப்பம் வெளியே தெரியாது. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாம் முறை செய்தது இதுதான். ஒரு பாடத்தை ஒரு தடவை நிதானமாகப் படிப்பேன். புத்தகத்தை மூடிவிட்டு அந்தப் பாடத்தில் வந்த பழைய கேள்விகளைப் போடுவேன். தப்பானதையும், குருட்டாம்போக்கில் சரியானதையும் மட்டும் ஒரு தனி நோட்டில் எழுதுவேன், கேள்வி ஒரு பக்கம், பதில் பின்பக்கம். மூன்று நாள் கழித்து அதைப் பார்ப்பேன், அப்புறம் ஒரு வாரம், அப்புறம் ஒரு மாதம். தொடர்ந்து மூன்று முறை சரியாகச் சொன்னால் அடித்துவிடுவேன். இந்த நோட்டு நாளாக ஆகச் சுருங்கும், எழுதி வைக்கிற குறிப்பு நோட்டோ வளர்ந்துகொண்டே போகும். அப்பா கரைக்கு வந்ததும் வலை முழுவதையும் புதிதாகப் பின்ன மாட்டார். கையால் தள்ளிக்கொண்டே போய்க் கிழிந்த இடத்தில் மட்டும் ஊசி போடுவார். நான் செய்ததும் அந்த வேலைதான்.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, தங்களையே சோதித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. இதைப் படித்தபோது என் ஐந்து நோட்டுகளும் கண்ணுக்குள் வந்தன.

2024 தேர்வு ஜூன் 9. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதாவது வீட்டில் எல்லாரும் இருக்கிற, கையில் காசு இல்லாத அந்த 61 நாளில்தான் கடைசித் திருப்புதல். அந்தச் சத்தத்தில் ஐந்து நோட்டைப் புரட்டியிருக்க முடியாது. அந்த ஒரு நோட்டு அதற்குள் நாற்பது பக்கத்துக்கு வந்திருந்தது, விடிகாலையில் உட்கார்ந்தால் முடிந்துவிடும். மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி என்பதால் வாரம் ஒரு முழுத்தாளும் போட்டேன். தப்பான பதிலுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஆகவே எதையும் விடாமல் போட்டுப் பழகினேன்.

பிளஸ் டூவுக்கு இதையே அப்படியே சொல்ல மாட்டேன். அங்கே விரித்து எழுத வேண்டும். இயற்பியலில் மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலத்தைத் தருவிக்கச் சொன்னால் படம், படிகள், கடைசிச் சமன்பாடு எல்லாம் கையில் வர வேண்டும். அதற்கு எழுதிப் படிப்பதே சரி. ஆனால் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதில் பலன் குறைவு. மூடிவிட்டு எழுதி, எந்தப் படியில் நின்றோம் என்று பார்க்க வேண்டும். நான் பிளஸ் டூவில் பார்த்துத்தான் எழுதினேன்.

நீட் நான் எழுதியதில்லை. தம்பி 2025இல் எழுதினான், பக்கத்தில் இருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன். 180 நிமிடம், 180 கேள்வி. சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும். என்னைப் பார்த்து அவனும் எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டே பழகினான், அது அவனுக்குக் கெடுதலாகப் போனது. தெரியாததை விட்டுவிடுகிற பழக்கமும் அந்தத் தேர்வுக்குப் படிப்புதான் போலிருக்கிறது. இப்போது அவன் நோட்டில் ‘விட்டிருக்க வேண்டியது’ என்று தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கிறான். அது எவ்வளவு உதவும் என்பது அடுத்த முறைதான் தெரியும்.

நான் இப்போது குரூப் 2க்குப் படிக்கிறேன். அதன் முதன்மைத் தேர்வு விரித்து எழுதுவது, அதனால் பழைய ஐந்து நோட்டையும் பரணிலிருந்து இறக்கியிருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எழுதிக்கொண்டு வருகிறேன். இரண்டாவது நோட்டில் பாதி வரை வந்திருக்கிறது.