கிளிசரின் பிரஷர் கேஜ்: போர்வெல் வைத்த வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கலாமா?

சொட்டுநீரில் ஃபோர்ஸ் குறைந்தால் முதலில் வரும் யோசனை மோட்டாரைத் தூக்கிப் பார்ப்பதுதான். குறை தரைக்கு மேலேயே இருந்தால் அந்தக் கூலி வீண். தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் சில நூறு ரூபாய் கேஜ் ஒன்று இதைத் தூக்காமலே சொல்லிவிடும். கட்டாயம் வாங்குங்கள், ஆனால் பார்த்து வாங்குங்கள்.

கடையில் பெரும்பாலும் 10 அல்லது 16 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ அழுத்தம்) கேஜைத்தான் நீட்டுவார்கள். சொட்டுநீர் வேலை செய்வதோ 1 கிலோ சுற்றில். அந்த டயலில் முள் அசைவதே தெரியாது. ஒன்றே ஒன்று வாங்குவதானால் 0–7 கிலோ, இரண்டரை அங்குல டயல், கால் அங்குல பித்தளைத் த்ரெட், கிளிசரின் நிரப்பியது. கிளிசரின் இல்லாததில் முள் நடுங்கும், சீக்கிரம் தேயும்.

ஃபில்டருக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரு இடத்தில் டீ (T வடிவ இணைப்பு) வைத்து, ஒவ்வொன்றிலும் கால் அங்குல பால் வால்வு போடுங்கள். ஒரே கேஜை இரண்டிலும் மாற்றிப் பூட்டிப் பார்ப்பது நல்லது. கேஜில் பிழை இருந்தாலும் இரண்டு அளவிலும் ஒன்றாகவே இருக்கும், வித்தியாசம் சரியாக வரும். டயலைப் பிடித்துத் திருகாதீர்கள். கீழே உள்ள சதுரப் பகுதியில் ஸ்பேனர் போட்டு, டெஃப்ளான் டேப் சுற்றி முறுக்குங்கள். மேலே உள்ள ரப்பர் மூடியின் நுனியை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் வெயில் சூட்டில் உள்ளே காற்று விரிந்து அளவு பிசகும்.

முதல் சோதனை: கேஜைத் தாண்டி உள்ள கேட் வால்வை முழுதாக மூடிச் சில விநாடி மோட்டாரை ஓட்டுவது. மோட்டார் நேம்பிளேட்டில் அதிகபட்ச ஹெட் (தண்ணீரைத் தள்ளும் உயரம்) 75 மீட்டர், தண்ணீர் 30 மீட்டர் ஆழத்தில் என்றால் மிச்சம் 45 மீட்டர். 10 மீட்டருக்கு 1 கிலோ கணக்கில் முள் 4.5 கிலோ அருகே நிற்க வேண்டும். குழாயில் அச்சிட்ட தாங்குதிறன் 4 கிலோதான் என்றால் முழுதாக மூடாதீர்கள்.

3 கிலோதான் வருகிறதா? பேனலில் வோல்டேஜ் பாருங்கள். த்ரீ பேஸ் மோட்டாரானால், லைன் வேலை நடந்த பிறகு பேஸ் மாறித் தலைகீழாகச் சுற்றலாம். இரண்டு வயரை மாற்றினால் தீரும். இவை சரியென்றால், வால்வை மூடியபடியே மோட்டாரை நிறுத்துங்கள். முள் சட்டென விழுந்தால், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் என்ஆர்வி வால்வு பிடிக்கவில்லை, அல்லது உள்ளே இறங்கும் குழாயில் ஓட்டை. விழாமல் நின்றால் மணல் தின்று, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கும். மோட்டாரைத் தூக்க வேண்டியது இப்போதுதான்.

மூடும்போது அளவு சரியாக இருந்து, திறந்ததும் சரிந்தால் குறை வெளியே. சுத்தமான டிஸ்க் ஃபில்டரில் முன்பின் வித்தியாசம் 0.2, 0.3 கிலோ இருக்கும், 0.5 தாண்டினால் டிஸ்க்கைக் கழற்றிக் கழுவுங்கள். அதுவும் சரியென்றால் உடைந்த லேட்டரலை (செடி வரிசையில் ஓடும் சின்னக் குழாய்) தேடுங்கள், அல்லது ஒரே நேரத்தில் அதிக லைன் திறந்திருக்கிறது. மணிக்கு 4 லிட்டர் சொட்டும் டிரிப்பர் 600 இருந்தால் மணிக்கு 2,400 லிட்டர் வேண்டும், அதாவது 30 விநாடியில் 20 லிட்டர் வாளி நிறைய வேண்டும். வாளியில் அளக்கும்போது கேட் வால்வைக் குறுக்கி, கேஜில் 1.5 கிலோ நிற்க வைத்துத்தான் பிடிக்க வேண்டும். திறந்த குழாயில் பிடித்தால் கணக்கு ஏமாற்றும்.

தொடக்கத்தில் நன்றாக வந்து, கால் மணி நேரத்தில் முள் இறங்கி, காற்றோடு குதித்தால் போரில் ஊற்று போதவில்லை. பெரிய மோட்டார் இறக்கினால் இன்னும் சீக்கிரம் வற்றும். வால்வைக் குறுக்கி, தோட்டத்தை இரண்டு மூன்று பாத்தியாகப் பிரித்து முறை வைத்துப் பாய்ச்சுங்கள்.

கேஜில் குறை என்றால், உப்புத் தண்ணீரில் கேஜின் சின்னத் துளை அடைத்துக்கொள்ளும். மோட்டார் நின்றும் முள் பூஜ்யத்துக்கு வராது. கழற்றி மெல்லிய கம்பியால் நுனியில் மட்டும் குத்தி எடுக்கலாம். பார்க்காத நேரம் பால் வால்வை மூடி வைத்தால் கேஜ் நெடுநாள் உழைக்கும்.