மட்டக்களப்பில் ஓடும் காருக்குப் பி.பி.எஃப். ஒட்டுவது பயன் தருமா?

காரின் பெயின்றைக் காப்பதற்காக ஒட்டப்படும் நிறமற்ற படலமாகிய பி.பி.எஃப்.ஐ என்னுடைய வெள்ளைக் காரின் பொனற், முன் பம்பர், முன் மட்கார்ட்கள், பக்கக் கண்ணாடிகளின் உறை ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டுவித்து, அதன்பின் ஒரு கச்சான் காற்றுக் காலத்தையும் ஒரு மாரியையும் பார்த்துவிட்டேன். முழுக் காருக்கும் ஒட்டும்படி கடைக்காரர் வற்புறுத்தினார்; அதற்கு அவர் கேட்ட தொகை முன்பக்கத்துக்கு மட்டும் கேட்டதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நம் பகுதியில் இந்தப் படலம் கல் அடிக்கும் இடங்களில் மட்டுமே கொடுத்த காசுக்குப் பலன் தருகிறது.

இந்தக் கேள்வி இப்போது பலருக்கும் எழுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. வரியோ மிகக் கடுமையானது. இத்தனை விலை கொடுத்து வாங்கிய காரைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டியிருக்கும்போது, விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் குனிந்து பார்ப்பது பொனற்றின் முன் விளிம்பைத்தான் என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

நல்ல படலம் தெர்மோபிளாஸ்டிக் பொலியூரிதேன் என்னும் பொருளால் ஆனது. பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரோன் தடிப்பில் வருகிறது (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கம்பனியில் அடித்த பெயின்ற், அடிப்பூச்சிலிருந்து மேல் வார்னிஷ் வரை எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன்தான் இருக்கும் என்பதால், ஒட்டப்படும் படலம் பெயின்றை விடத் தடிப்பானது என்றே சொல்லலாம். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகொப்டர்களின் சுழலிதழ்களை மணலும் தூசியும் அரித்துவிடாமல் காப்பதற்கு இந்த வகைப் படலம் பயன்படுத்தப்பட்டது. ஆகவே சிறு கல்லின் அடியைத் தாங்கிக்கொள்வதே இதன் பிறவி வேலை. இதனோடு சேர்த்து விற்கப்படும் செரமிக் கோட்டிங் அப்படியானதன்று. அது சில மைக்ரோன் தடிப்புக்கூட இல்லாத பூச்சு; பளபளப்பும் தண்ணீர் ஒட்டாத தன்மையும் தரும், கல்லைத் தடுக்காது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி விற்கும் கடையை நான் நம்ப மாட்டேன்.

எந்த வீதியில் ஓடுகிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். கல்லடி என்னும் ஊரிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கும், காத்தான்குடி வழியாகக் கல்முனைக்கும் மட்டும் போய்வரும் கார், நெரிசலில் மெதுவாகவே ஓடுகிறது. அங்கே பயமெல்லாம் மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் உரசுவதைப் பற்றியதுதான், அதைப் படலம் ஓரளவுக்கு மேல் தாங்காது. ஆனால் வாழைச்சேனையைக் கடந்து பொலன்னறுவைப் பக்கமாகக் கொழும்புக்கு அடிக்கடி போகிறவர்களின் நிலை வேறு. நல்ல காப்பெட் வீதியில் வேகமாக ஓடும்போது, முன்னால் போகும் மணல் டிப்பரின் பின் கதவு இடுக்கிலிருந்தும் அதன் இரட்டைச் சக்கரங்களுக்கு இடையிலிருந்தும் தெறித்து வரும் கல்லின் அடி, நம் வேகமும் சேர்ந்து விழுகிற அடி. அறுவடைக் காலத்தில் வயலிலிருந்து வீதிக்கு ஏறும் உழவு இயந்திரங்கள் விட்டுச்செல்லும் காய்ந்த மண்கட்டிகளும் இதே வேலையைச் செய்கின்றன.

என்னுடைய காரில் இதை அருகில் வைத்துப் பார்க்க முடிந்தது. பொனற்றின் முன் விளிம்பில், இலச்சினைக்குச் சற்று மேலே, படலத்தில் கடுகளவு பள்ளம் ஒன்று விழுந்திருக்கிறது. டோர்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால் படலம் நசுங்கியிருப்பது தெரிகிறது. அதன் கீழே பெயின்ற் முழுதாக இருக்கிறது. அதே காரில், முன் சக்கரத்துக்குப் பின்னால் கதவுக்குக் கீழே ஓடும் பட்டைக்கு நான் படலம் ஒட்டுவிக்கவில்லை. அங்கே சக்கரம் வீசிய கற்கள் பெயின்றைச் சாம்பல் நிற அடிப்பூச்சு வரை பெயர்த்துவிட்டன. ஒரு புள்ளியைச் சுற்றிப் பழுப்பு நிறத் துரு படரத் தொடங்கியிருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழும் நமக்கு இதுதான் பெரிய விடயம். பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது, அங்கே பெயின்ற் பெயர்ந்தால் அழகு மட்டும்தான் கெடும். பொனற், மட்கார்ட், கீழ்ப்பட்டை ஆகியவை பெரும்பாலான கார்களில் இரும்புத் தகடு; பெயர்ந்த இடத்தில் உப்புக்காற்றின் ஈரம் நின்றால் துரு பெயின்றுக்கு அடியில் நடந்து போகும். ஆகவே பணம் குறைவாக இருந்தால் பம்பரை விட்டுவிட்டுப் பொனற்றையும் கீழ்ப்பட்டையையும் காப்பதே அறிவுடைமை என்று நினைக்கிறேன், கடைகள் பம்பரையே முதலில் சொன்னாலும்.

படலத்தின் மேல்பூச்சு சூடுபட்டால் மெல்லிய கீறல்களைத் தானே மூடிக்கொள்ளும் என்று விளம்பரம் சொல்வது உண்மைதான். துணி உரசிய மெல்லிய கோடுகள் நம் மதிய வெயிலில் நின்ற காரில் மறைந்துவிடுகின்றன. வெந்நீர் ஊற்றத் தேவையில்லை. சாவியால் இழுத்த ஆழமான கீறல் மறையாது. காக்கை எச்சம் படலத்தில் விழுந்தால் பெயின்றுக்குச் சேதமில்லை, ஆனால் வெயிலில் காயவிட்டால் படலத்திலேயே கறை நிற்கும். கிணற்றுத் தண்ணீரில் கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்டால் வரும் வெண்புள்ளிகளும் அப்படியே. எச்சத்துக்கும் உப்புக்கும் வெயிலுக்கும் பயந்து கூரைக்கும் கதவுகளுக்கும் படலம் ஒட்டுவது வீண் செலவு. நிழலில் நிறுத்துவதும், கிழமைக்கு ஒருமுறை கழுவி உலர்த்துவதும், இடைக்கிடை மெழுகு போடுவதும் அந்த இடங்களுக்குப் போதும்.

ஒட்டுகிறவரின் கை, படலத்தின் பெயரை விட முக்கியமானது. என் காரில் பம்பரும் ஹெட்லைற்றும் சந்திக்கும் மூலையில் விளிம்பு உள்ளே மடிக்கப்படாமல் மேலேயே வெட்டி விடப்பட்டிருந்தது. மாரி தொடங்கியதும் அந்த விளிம்பில் சேறு புகுந்து கறுப்பு நூல் ஓடியது. வெள்ளைக் காரில் அது பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்தது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் அந்தத் துண்டைக் கழற்றி வேறு ஒட்டித் தந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் முதல் தடவையே ஒழுங்காகச் செய்திருக்க வேண்டிய வேலை அது. காருக்கு ஏற்ற அளவில் இயந்திரத்தில் முன்கூட்டியே வெட்டி எடுக்கிறார்களா, அல்லது காரின் மேல் வைத்துப் பிளேட்டால் வெட்டுகிறார்களா என்று கேளுங்கள். பின்னதில் கை தவறினால் பெயின்றிலும் வெட்டு விழும். மூடிய, தூசியற்ற அறை இருக்கிறதா என்றும் பாருங்கள். வீதியோரத்துத் தகரக் கொட்டகையில், கச்சான் காற்று மணலை அள்ளி வீசும் மாதத்தில் ஒட்டினால், ஒவ்வொரு மணலும் படலத்துக்கு அடியில் ஒரு புடைப்பாக நிற்கும். ஒட்டிய முதல் நாட்களில் தெரியும் சிறு நீர்க்குமிழிகள் அப்படியல்ல. அவை வெயிலில் தாமாகவே வற்றிவிடும். முதல் ஒரு கிழமை கழுவாமல் இருப்பதும், பிறகு சேர்விஸ் நிலையத்தில் அழுத்தத் தண்ணீரை விளிம்புக்கு நேராக அடிக்க விடாமல் இருப்பதும் உங்கள் பொறுப்பு.

ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்னும் நிதானிக்க வேண்டும். இங்கு விற்கப்படுவதற்கு முன் டிங்கர் செய்து மீண்டும் பெயின்ற் அடிக்கப்பட்ட பாகங்கள் அவற்றில் இருக்கக்கூடும். கம்பனிப் பெயின்ற் படலத்தைக் கழற்றும்போது அசையாது. அவசரமாக அடித்த மறுபெயின்ற் படலத்தோடு சேர்ந்து உரிந்து வரக்கூடும். பெயின்றின் தடிப்பை அளக்கும் கருவி வைத்திருக்கும் கடையில் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு கதவு 120 மைக்ரோனும் பக்கத்துக் கதவு 300 மைக்ரோனும் காட்டினால் இரண்டாவது கதவில் வேலை நடந்திருக்கிறது. அந்தப் பாகத்தில் படலம் ஒட்டாதீர்கள். ஏற்கெனவே துரு பிடித்த புள்ளி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்து, புதுப் பெயின்ற் நன்றாக இறுகுவதற்கு ஒரு மாதமாவது விட்ட பிறகே ஒட்டுவிக்கலாம்.

விலை மிகக் குறைவாகச் சொல்லப்பட்டால் அது பி.வி.சி. படலமா என்று நேரடியாகக் கேளுங்கள். நம் வெயிலில் பி.வி.சி. விரைவில் மஞ்சளாகி, சுருங்கி, விறைத்துப்போகும். கழற்றும்போது துண்டு துண்டாக வந்து பசையைப் பெயின்றிலேயே விட்டுச்செல்லும். பெயர்பெற்ற கம்பனிகளின் 10 வருட உத்தரவாதமும் மஞ்சளாவது, வெடிப்பது, உரிவது ஆகியவற்றுக்குத்தான், கல் துளைத்ததற்கு அன்று. அந்த உத்தரவாத அட்டையில் படலச் சுருளின் இலக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். காசைக் கொடுப்பதற்கு முன் அதைப் பெட்டியிலுள்ள இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அத்தோடு, காலம் முடிந்து படலத்தைக் கழற்றுவதற்கு என்ன கூலி என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். எனக்கு அடுத்த வேலை, கீழ்ப்பட்டையின் துருவைச் சுரண்டிப் பெயின்ற் அடித்து, அது இறுகிய பிறகு அங்கே மட்டும் படலம் ஒட்டுவிப்பது.