லுக்லாவில் மேகம் இறங்கினால்: காத்திருப்பதா, நடப்பதா, ஹெலிகாப்டரா?

எவரெஸ்ட் அடிவார முகாம்வரை நடந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்ப விமானம் ஏறுவது நேபாளத்தின் லுக்லாவில். சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் 527 மீட்டர் நீளமே உள்ள ஓடுபாதை. ஒரு முனையில் மலை, மறுமுனையில் பள்ளத்தாக்கு. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். மேகம் அடைத்துக்கொண்டால் அன்று விமானம் கிடையாது. நல்ல நாளிலும் பிற்பகலில் காற்று எழுந்துவிடும் என்பதால் காலைப் பொழுதுதான் கணக்கு. 2011 நவம்பரில் 2,000-க்கும் மேற்பட்டோர் பல நாட்கள் இங்கே சிக்கிக்கொண்டார்கள்.

இந்தத் தாமதத்துக்காக விமான நிறுவனத்து ஊழியரிடம் சண்டை போடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2008 அக்டோபர் 8 அன்று மூடுபனியில் தரையிறங்க முயன்ற சிறிய விமானம் ஓடுபாதையைத் தொடுமுன்பே மோதி, 18 பேர் இறந்தார்கள். பறக்க மறுக்கும் விமானி நமக்கு நல்லதே செய்கிறார்.

காத்திருப்பதுதான் பார்வைக்கு மலிவு. அறை வாடகை குறைவு, டால் பாத் வாங்கினால் சோறும் பருப்பும் மறுபடி மறுபடி போடுவார்கள். சிக்கல் வரிசையில் இருக்கிறது. இன்று ரத்தான டிக்கெட்டுக்கு நாளை முதலிடம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்போம். வழக்கத்திலோ நாளைய டிக்கெட் உள்ளவர்கள்தான் முதலில் ஏறுவார்கள், நாம் மிச்ச இருக்கைக்கு நிற்க வேண்டும். ஒரு நாள் தடைப்பட்டால் மறுநாள் கூடுதல் விமானங்கள் விட்டுச் சமாளித்துவிடுவார்கள். மூன்று நாள் தடைப்பட்டால், வானம் வெளுத்த பிறகும் கூட்டம் கரைய நாளாகும். ஆகவே முதல் நாள் காத்திருப்பது சரி. இரண்டாம் நாளும் பொழுது மூடியே விடிந்தால், வேறு வழியைத் தீவிரமாக யோசிக்க வேண்டும்.

என் மனம் சாய்வது நடைக்குத்தான். 1964-இல் இந்த விமானத் தளம் அமைவதற்கு முன் எல்லோரும் நடந்தே வந்தார்கள். 1953-இல் ஹில்லாரியும் டென்சிங்கும் சென்ற குழுவும் அப்படித்தான். லுக்லாவிலிருந்து சுர்க்கே, பையா, காரிகோலா, நுந்தலா வழியாக சல்லேரிக்கு ஏறத்தாழ மூன்று நாள். அங்கிருந்து காத்மாண்டுவுக்கு ஜீப்பில் ஒரு முழுப் பகல். இப்போது ஜீப் பாதை சல்லேரியையும் தாண்டி மேலே வந்துவிட்டதால் நடை இன்னும் சுருங்கும். உயரம் பழகிய உடம்புக்கு இந்த வழி ஏற்ற இறக்கங்களோடு இருந்தாலும் கடினமில்லை. கோவேறு கழுதைகள் சுமையோடு வரும்போது மட்டும் பள்ளத்துப் பக்கம் நிற்காமல் மலைப் பக்கம் ஒதுங்க வேண்டும். ஓடுபாதையை மூடும் மேகம் இந்தப் பாதையை மூடுவதில்லை.

ஆனால் கனமழை மூடும். 2024 செப்டம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் சல்லேரிப் பக்கம் போகும் வண்டிகள் நம்பியிருந்த பி.பி. நெடுஞ்சாலை பல இடங்களில் அரித்துப்போனது. மழை கொட்டும்போது நடக்கக் கிளம்புவது நிலச்சரிவை நோக்கிப் போவதாகும். அப்போது விடுதியிலேயே இருங்கள்.

ஹெலிகாப்டர் பணம் உள்ளவருக்கான குறுக்குவழி. விமானக் கட்டணத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். நாலைந்து பேர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். இதற்கும் பார்வை தெளிவு வேண்டும். ஆனாலும் சிறு இடைவெளி கிடைத்தால் போதும். லுக்லா மூடியிருக்கும்போது கீழே சுர்க்கேயில் வந்து இறங்குவதும் உண்டு. காத்மாண்டுவரை போகிறதா, பாதி வழியில் மந்தலியில் விட்டுவிடுமா, பறக்காவிட்டால் பணம் திரும்புமா என்று முன்பே கேளுங்கள். காப்பீடு பொதுவாக நோய்க்கும் விபத்துக்கும்தான் ஹெலிகாப்டர் தரும், மேகத்துக்குத் தராது. "உடம்பு சரியில்லை என்று எழுதிவிடலாம்" என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். 2018-இல் நேபாள அரசே இந்தப் பொய் மீட்பு வியாபாரத்தை விசாரித்தது. உண்மையில் உயிருக்குப் போராடுபவருக்கு உதவி தாமதமாக இதுவே காரணமாகிவிடும்.

வெளிநாட்டு விமானத்துக்கு இரண்டு நாளுக்குள்தான் இருக்கிறது என்றால் ஹெலிகாப்டர். ஐந்து நாள் இருந்து, மழையில்லாமல் மேகம் மட்டும் என்றால் நடை. அதையும் இரண்டாம் நாள் காலையிலேயே தொடங்கிவிட வேண்டும், நான்காம் நாள் நடந்து பயனில்லை. நடக்கிறவர்கள் கையில் ரொக்கம் வைத்திருங்கள், வழியில் அட்டை செல்லாது. சுமை தூக்கி வருபவரைக் கூட அழைத்துப்போனால், கூடுதல் நாட்களுக்கு மட்டுமல்லாமல் அவர் தன் ஊருக்குத் திரும்பி ஏறும் நாட்களுக்கும் கூலி கொடுங்கள். கிளம்பும் முன்பே அதைப் பேசி முடித்துவிடுங்கள்.